ஸ்டெல்லா டீச்சரின் நீர்ப்பையும் எங்கள் அலுவலகமும்

விதி இதுதான்: நியமனம் பெற்ற ஆசிரியர் ஒருவரை அரச மருத்துவ உத்தியோகத்தர் பரிசோதித்து, கடமையைச் செய்யத் தகுதியானவர் என்று சான்றளித்துவிட்டால், உடல்நிலை பற்றி அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லை. பிரிவின் இலக்கத்தை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எழுதினால், அது திருத்தப்பட்டுவிட்டது என்று யாராவது ஒரு சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு வருவார். நான் ஓய்வு பெற்றதே அப்படிப்பட்டவர்களிடமிருந்து தப்புவதற்குத்தான்.

விதியை இன்னொரு முறை படியுங்கள். நோய் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. வேலை செய்ய முடியுமா என்றுதான் கேட்கிறது. இந்த வித்தியாசம் நிதானமாகப் படிப்பவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கும். எங்கள் அலுவலகத்துக்கு விளங்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது.

கண்டியைச் சுற்றியுள்ள வலயக் கல்வி அலுவலகங்களில் ஒன்றில் தாபனக் கிளை என் பொறுப்பில் இருந்தது. ஆசிரியர்களின் நியமனம், இடமாற்றம், லீவு, ஓய்வூதியம் எல்லாம் அந்தக் கிளையின் வேலை. என் பதவியின் பெயர் நீளமானது. ஆசிரியர்கள் அதைச் சுருக்கி ‘சீஃப் கிளார்க் மிஸ்’ என்றார்கள், பிறகு அதையும் சுருக்கி ‘மிஸ்’ என்றார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு இனிமேல்தான் பதவியுயர்வு வர வேண்டும்.

இனி அரச சேவைக்குள் வரப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சிரித்து முடித்த பிறகு மேசையிலுள்ள பைலின் முதல் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

1. பறந்துபோன அறிக்கை

ஸ்டெல்லா மேரி பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அதே மலையில் இன்னும் சற்று உயரத்திலுள்ள தமிழ் வித்தியாலயத்துக்குக் கணித ஆசிரியையாக நியமனம் கிடைத்தது. அந்தப் பாடசாலைக்கு அதற்கு முன்னர் கணித ஆசிரியர்கள் வந்ததுண்டு. வந்த களை ஆறும் முன்னரே இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தார்கள். ஸ்டெல்லா விண்ணப்பிக்கவில்லை. காரணம் கேட்டபோது, “எங்க வீடே அங்கதானே மிஸ், எங்க மாத்தச் சொல்லிக் கேக்குறது?” என்றார்.

தகுதிகாண் காலத்தின் கடைசி வருடத்தில், நியமனத்தை நிரந்தரமாக்குவதற்காக அவருடைய பைலை எடுத்தோம். நியமனக் கடிதம் இருந்தது, சத்தியப்பிரமாணம் இருந்தது. நியமனத்தின்போது அவர் தந்த மருத்துவ அறிக்கை மட்டும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் காகிதம் தொலைவது கிடையாது, பறந்துபோகும். தொலைந்தது என்றால் விசாரணை வேண்டும், பறந்தது என்றால் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் போதும்.

புதிதாக ஒன்று எடுத்து வரும்படி ஸ்டெல்லாவுக்கு எழுதினோம். இங்கேதான் விதி அவருடன் விளையாடியது. முதல் அறிக்கை பறக்காமல் இருந்திருந்தால் அதில் எல்லாம் சுத்தமாகவே இருந்திருக்கும். ஏனென்றால், அந்த நேரத்தில் அவருடைய தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

2. மோதாத இடம்

மருத்துவப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: நோய் அல்லது காயம் காரணமாக விசேட பரிசோதனைக்கு உள்ளாகியிருக்கிறீரா? என் சேவைக் காலம் முழுவதும் இதற்கு நான் கண்ட விடை ‘இல்லை’ ஒன்றுதான். முழங்கால்வரை மாக்கட்டுப் போட்ட ஒருவர், என் முன்னாலேயே ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதினார்.

ஸ்டெல்லா ‘ஆம், அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி, ஸ்கேன் அறிக்கையையும் பின் பண்ணி, நேரில் கொண்டுவந்து தந்தார். யாரும் கேட்காத காகிதத்தை இணைப்பதைவிடப் பெரிய ஆபத்து அரச சேவையில் இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

“இது என்ன பிள்ளை?” என்று கேட்டேன்.

“போன வருசம் பன்வில பஸ்ல வந்தப்போ டிரைவர் ஒரு பிரேக் போட்டாரு மிஸ். முன்னாடி கம்பியில நெத்தி போய் மோதிருச்சு. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க. மோதின எடத்துல ஒண்ணுமே இல்லயாம். மோதாத எடத்துலதான் இருக்குதாம்.”

“என்ன இருக்கு?”

“தண்ணிப் பை.” பின்மண்டையைத் தொட்டுக் காட்டினார், பேருந்தில் இருக்கை எது என்று காட்டுவதைப்போல. “பொறக்கறதுக்கு முன்னாலேருந்தே இருக்காம். வாடகை குடுக்காம இருபத்தாறு வருசம்.”

விசேட வைத்திய நிபுணர் அவருக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். ஸ்டெல்லா எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். மூளையின் பின்புறம், கழுத்துக்குச் சற்று மேலே சிறுமூளை இருக்கிறது. நடையும் சமநிலையும் அதன் பொறுப்பு. மூளையைச் சுற்றி எப்போதும் ஒரு நீர் ஓடிக்கொண்டிருக்கும். அது வெளியேறுவதற்கு அந்தப் பின்பக்கத்தில் சிறு வாசல்கள் உண்டு. குழந்தை கருவிலிருக்கும்போது அவற்றில் ஒன்று உரிய காலத்தில் திறக்காவிட்டால், நீர் தேங்கி அங்கே ஒரு பை உண்டாகிறது. இது அபூர்வம். இதில் பல வகைகள் இருக்கின்றன. சில வகைகளில் சிறுமூளையே சரியாக வளர்வதில்லை. சில குழந்தைகளுக்குத் தலை பெருத்து, நடை பிந்தி, நீரை வடிக்கக் குழாய் வைக்க வேண்டி வரும். வேறு சிலருக்கு நீர் வேறு வழியைத் தேடிக்கொள்ளும், பை அதன் பாட்டில் இருக்கும், அவர்கள் அவர்கள் பாட்டில் இருப்பார்கள். ஸ்டெல்லா இந்தக் கடைசி வகை. சத்திரசிகிச்சை வேண்டாம், மருந்து வேண்டாம். விடாத தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் ஏதாவது வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் அலுவலகத்தின் உள்வரும் தபால் கூடைதான் ஞாபகம் வந்தது. உரிய காலத்தில் ஒரு வாசல் திறக்காது, கடிதம் தேங்கும், வீங்கும், ஆனாலும் அலுவலகம் நடக்கும்.

படிவத்தின் அடியில், பரிசோதித்த அரச மருத்துவர் ‘கடமைக்குத் தகுதியானவர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். விதிப்படி விஷயம் அங்கேயே முடிந்தது. பைலை ரிஸ்வானிடம் கொடுத்து, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, நாவலப்பிட்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் பொருள் கணக்கெடுக்கப் போனேன். உடைந்த கதிரைகளை உடைந்த கதிரைகள் என்று நிரூபிக்க மூன்று பேர் கொண்ட சபை ஒரு கிழமை உழைத்தது.

3. மேல்மாடிக்குப் போன பைல்

ரிஸ்வான் எங்கள் கிளையின் எழுதுநர். அக்குறணையிலிருந்து வருவார், கெட்டிக்காரர். சுறுசுறுப்புக்குக் குறைவில்லை, அதனால் வந்த வினைதான் இது. எந்தக் காகிதத்தையும் முழுதாகப் படிக்காமல் அது எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மூளை ஸ்கேன் இணைத்த காகிதங்கள் எங்கள் அலுவலகத்துக்கு முன்பும் வந்ததுண்டு. எல்லாமே விசேட கல்வி தேவைப்படும் குழந்தைகளுடையவை. எல்லாம் மேல்மாடியிலுள்ள விசேட கல்விப் பிரிவுக்குப் போயின. ஸ்டெல்லாவின் பைலும் அந்த வழியிலேயே போனது. மேலுறையில் ரிஸ்வான் எழுதிய குறிப்பு: ‘பிறவிக் குறைபாடு. தேவையான நடவடிக்கைக்காக.’

மேல்மாடியில் திருமதி ரத்னாயக்க இருந்தார். எங்கள் அலுவலகத்திலேயே வந்த கடிதத்துக்கு அதே கிழமையில் பதில் அனுப்பும் ஒரே அதிகாரி. அதனால் மற்றவர்களுக்கு அவரைப் பிடிக்காது. மலை மலையாக ஏறி, வீட்டுக்குள் மறைத்துவைத்த பிள்ளைகளைத் தேடிப் பாடசாலைக்குக் கொண்டுவந்தவர். அவர் கையில் பைல் சேர்ந்தது. பெயர், பாடசாலை, தலைக்குள் பிறவி நீர்ப்பை. அவருக்கு அது போதும். நான் நாவலப்பிட்டியில் கதிரை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா மேரி, தாம் தரம் பத்துக்குக் கணிதம் படிப்பிக்கும் அதே பாடசாலையின் விசேட கல்வி அலகில் மாணவியாகச் சேர்க்கப்பட்டார். பைலிலிருந்த காகிதங்களோடு பிரதி மாகாணத்துக்கும் போனது. திருமதி ரத்னாயக்க எதையும் பிரதி இல்லாமல் அனுப்ப மாட்டார்.

நான் திரும்பி வந்த அன்று காலையில் ஸ்டெல்லாவின் பாடசாலை அதிபர் தொலைபேசியில் வந்தார்.

“மிஸ், எனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. ஸ்டெல்லா டீச்சர முன் வரிசையில உக்கார வைக்கணுமாம்.”

“எங்க?”

“வகுப்புலதான். மாடிப்படி ஏற விடக்கூடாதாம். வெளையாட்டுப் பாடத்துல ஓட விடக்கூடாதாம். பரீட்சையில கூடுதல் நேரம் குடுக்கணுமாம். பெற்றோரோட மதிப்பீட்டுக்கு வரணும்னு திகதியும் போட்டிருக்கு.”

“டீச்சர் என்ன சொல்றாங்க?”

“சிரிக்கிறாங்க. பின்னேரம் வீட்டுப்பாடம் குடுத்தா கொப்பியில எழுதிட்டு வர்றேங்கிறாங்க.”

“சரி, பிழை நடந்துபோச்சு. நான் மேல சொல்லிப் பேரை எடுக்கச் சொல்றேன்.”

அதிபர் குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், ஒரு விசயம். அந்த அலகுல பிள்ளைங்க எண்ணிக்கை ஒண்ணு குறையுதுன்னு மூடப் பாத்தாங்க. அலகு டீச்சரையும் எடுத்துருவாங்கன்னு இருந்துச்சு. இப்போ கணக்குச் சரியா வந்திருச்சு. இந்த வருசம் மட்டும் அப்படியே இருக்கட்டுமே. ஸ்டெல்லா டீச்சருக்கு இதுல என்ன நட்டம்?”

நட்டம் என்ன என்று எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. பத்து நாளில் தெரிந்தது.

ரிஸ்வானைக் கூப்பிட்டேன். “முதல் பக்கத்துல நியமனக் கடிதம் இருக்கு. அதப் பாத்தீங்களா?”

“இல்ல மிஸ். ஸ்கேன் மேலால ஈந்திச்சி. மூளை, பிறவி, ஸ்கேன், இது மூணும் ஒண்டா வந்தா மேல்மாடிக்குத்தானே. பத்து வருசமா அப்பிடித்தானே செஞ்சிட்டு ஈக்கிறோம்.”

“வயசு இருபத்தாறுன்னு போட்டிருக்கே.”

ரிஸ்வான் யோசித்தார். “அது ரத்னாயக்க மேடம் பாக்க வேண்டிய விசயம் மிஸ்.”

4. சேர்க்க முடியும், நீக்க முடியாது

மேல்மாடிக்கு ஏறினேன். திருமதி ரத்னாயக்க சிங்களத்தில்தான் பேசுவார். தமிழில் தருகிறேன்.

“வயசைப் பார்த்தேன்,” என்றார். “எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருபத்தாறு வயது வரை ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருந்துவிட்டு இப்போதாவது அனுப்ப மனம் வந்ததே என்று நினைத்தேன்.”

“மேடம், அவர் பிள்ளையில்லை. ஆசிரியை. பட்டதாரி.”

“நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள். எல்லாப் பெற்றோரும் இப்படித்தான் சொல்வார்கள், என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று.”

நியமனக் கடிதத்தைப் புரட்டிக் காட்டினேன். அதை இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது. பிடிவாதக்காரர் இல்லை, ஒழுங்குமுறைக்காரர். அது அதைவிடக் கஷ்டம்.

“பிழை என்று விளங்குகிறது. ஆனால் பெயரை நான் வெட்ட முடியாதே. அலகில் சேர்ந்த பிள்ளையை நினைத்தபடி நீக்கக்கூடாது என்று நானே போராடி வாங்கிய ஒழுங்கு அது. அதிபர்மார் கஷ்டமான பிள்ளைகளைக் கழற்றிவிடுகிறார்கள். இப்போது மதிப்பீட்டுக் குழு மட்டுமே நீக்கலாம்.”

அந்த ஒழுங்கை நான் மதித்தேன். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதற்குள் மாகாணத்திலிருந்து கடிதம் வந்தது, ஸ்டெல்லாவின் பெயருக்கே, என் மூலமாக. ஒரு காகிதம் இவர் கடமைக்குத் தகுதியானவர் என்கிறது, இன்னொரு காகிதம் இவர் விசேட உதவி தேவைப்படும் மாணவி என்கிறது. இரண்டும் முரண்படுவதால் மருத்துவச் சான்றிதழை ஏற்க முடியாது. தகுதிகாண் காலம் முடிவதற்குள் இது தெளிவுபடுத்தப்படாவிடின் நியமனத்தை ஏன் முடிவுறுத்தக் கூடாது என்று காரணம் காட்டவும். அதோடு ஒரு சிறு அட்டவணை: நோய் தொடங்கிய திகதி, பூரணமாகக் குணமடைந்த திகதி.

ஸ்டெல்லாவை வரச் சொன்னேன். கடிதத்தைப் படித்தார். அன்று சிரிக்கவில்லை.

“மிஸ், வேலை போயிருமா?”

“போக விடமாட்டேன்.”

“எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாது மிஸ். அம்மா வேணும்னே கத்துக் குடுக்கல. நான் ஒரு நாள் கூடையத் தூக்கினதுக்கு அடிச்சிருச்சு.” கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். “உள்ளத சொன்னது பிழையா மிஸ்? மத்தவங்க எல்லாம் இல்லைன்னுதான் எழுதுவாங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல சொன்னாங்க. தலைவலின்னு கூட நான் லீவு போட்டதில்ல.”

பிழையில்லை என்றேன். இதைத் தவிர என்ன சொல்ல முடியும்? ஆனால் அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உண்மையை எழுதியதற்காக ஒருவர் வேலையை இழந்தால், அந்தப் படிவத்தின் அந்தக் கேள்விக்கு இனி யாருமே உண்மை எழுதப்போவதில்லை.

5. முன்பக்கக் கதவு

பின்வாங்கினால் வருடக்கணக்காகும் என்று தெரிந்தது. பிழையைத் திருத்தக் கோரிக் கடிதம் எழுதினால், பிழை தன்னுடையது இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எல்லோருக்கும் வந்துவிடும். அலுவலகத்தில் யாரும் அதை விரும்புவதில்லை. முன்னோக்கிப் போவதுதான் சுருக்கு வழி என்று தீர்மானித்தேன். மதிப்பீட்டுக் குழுவில் ஓர் அரச மருத்துவர் உட்கார்ந்திருப்பார். அவர் ஸ்கேனைப் பார்த்து, ஆளைப் பரிசோதித்து, குறைபாடில்லை என்று கையொப்பமிட்டால், மாணவிப் பெயரும் நீங்கும், மாகாணம் கேட்ட தெளிவும் கிடைக்கும். ஒரே கையொப்பம், இரண்டு வேலை.

“பெற்றோரையும் கூட்டிட்டு வாங்க,” என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

“நெசமாவா மிஸ்?”

“கடிதத்துல இருக்கு. இருக்கறத எல்லாம் செய்வோம். ஒண்ணு குறைஞ்சாலும் இன்னொரு திகதி போட்டுருவாங்க.”

கண்டி நகரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் மதிப்பீடு நடந்தது. சிறு பிள்ளைகளும் தாய்மாரும் வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சேலை கட்டிய ஸ்டெல்லாவும், பக்கத்தில் அவருடைய தாயார் சவரியம்மாவும். தாயார் தோட்டத்தில் அரை நாள் பேரை, அதாவது கூலியை, விட்டுவிட்டு வந்திருந்தார், அந்தக் கோபம் முகத்தில் இருந்தது.

“ஆறு வயசுல கையப் புடிச்சு ஸ்கூலுக்கு இழுத்துட்டுப் போனேன்,” என்றார் என்னிடம். “பட்டம் வாங்கி முடிச்சதும் அந்த வேல முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். திரும்பவும் மொதலேருந்தா மிஸ்?”

“இன்னிக்கு மட்டுந்தான்மா.”

“இவ சின்னதுலயும் இப்படித்தான். கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லும்.”

மேசையில் ஒரு பெண் உத்தியோகத்தர் மரக்கட்டைகளை எடுத்து வைத்தார். படிவத்தில் உள்ளதை எல்லாம் செய்துதான் ஆக வேண்டும் என்றார், குரலில் மன்னிப்புடன். ஸ்டெல்லா கோபுரம் கட்டினார். சிவப்பு, மஞ்சள், நீலம் சொன்னார். இருபதுவரை எண்ணினார். பின்னால் காத்திருந்த ஒரு சின்னப் பெண், “அக்கா எல்லாம் சரியா சொல்லுது” என்று தன் தாயிடம் பொறாமையோடு சொன்னது.

பிறகு மருத்துவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர், சிரிக்காமலே பேசுகிறவர்.

“வாங்கோ, இருங்கோ. பிள்ளை எங்க?”

“நான்தான் சேர்.”

அவர் படிவத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அரச சேவையில் நீண்ட காலம் இருந்தவர் என்று அதிலேயே தெரிந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் மட்டும் சவரியம்மா செபமாலையை வெளியே எடுத்தார்.

“தலையிடி வாறதோ?”

“இல்ல சேர்.”

“சத்தி எடுக்குதோ? நடக்கேக்க தள்ளாட்டம்? எழுத்துக் கோணுதோ?”

“இல்ல சேர்.”

“என்ன படிப்பிக்கிறீங்கள்?”

“தரம் பத்துக்கு மேத்ஸ்.”

“அப்ப தலையிடி வராததுதான் அதிசயம். எழும்புங்கோ.”

மூக்கைத் தொட்டு அவர் விரலைத் தொடச் சொன்னார். குதியையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தினமும் மழையில் ஊறிய தோட்டப் படிகளில் ஏறி இறங்குகிறவருக்கு மண்டபத்துத் தரை எம்மாத்திரம். கடைசியாகக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஸ்டெல்லா நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

ஆர்வத்தோடு பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த திருமதி ரத்னாயக்கவும் தம்மை அறியாமல் கண்ணை மூடி ஒரு காலைத் தூக்கினார். அவரைப் பிடிக்க இரண்டு பேர் ஓட வேண்டி வந்தது.

“மேடமுக்கும் ஒருக்கா ஸ்கேன் எடுப்பமோ?” என்றார் மருத்துவர், எழுதிக்கொண்டே. அதை நான் சிங்களத்தில் மொழிபெயர்த்தபோது மேடம்தான் முதலில் சிரித்தார்.

அறிக்கையில் ஒரு கேள்வி: ‘சாதாரண வகுப்பின் வேலைகளை இவரால் செய்ய முடியுமா?’ மருத்துவர் எழுதியதை நான் இன்றும் மனதில் வைத்திருக்கிறேன். ‘முடியும். அந்த வகுப்பை நடத்துவதே இவர்தான். ஸ்கேன் பார்க்கப்பட்டது. பிறவி நீர்ப்பை நோயல்ல, இவருடைய உடலின் அமைப்பு. எந்தக் கடமைக்கும் இடைஞ்சலில்லை. வருடத்துக்கு ஒருமுறை வைத்திய நிபுணரைப் பார்த்தால் போதும்.’ கையொப்பம், முத்திரை.

திருமதி ரத்னாயக்க மாணவிப் பெயரைத் தம் கையாலேயே வெட்டினார். வெட்டிய பிறகு பேனையை வைத்துவிட்டு யோசனையில் இருந்தார். “அலகில் மறுபடியும் ஒன்று குறைகிறது,” என்றார். “டீச்சரை எடுத்துவிடுவார்கள்.”

அவர் கவலைப்படுவது எதைப்பற்றி என்று சவரியம்மா கேட்டார். சொன்னேன்.

“இதுக்குத்தானா மூஞ்சிய தொங்கப் போட்டிருக்காங்க? எங்க தோட்டத்து லயத்துல கடைசி வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. காது கேக்காது. எட்டு வயசாகுது, ஸ்கூலுக்கு அனுப்பல. அந்தம்மாகிட்ட நாலு தடவ சண்டையும் போட்டுட்டேன்.”

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்னரே மேடம் பேனையைத் திரும்ப எடுத்துவிட்டார். அடுத்த கிழமை அவர் அந்த லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நின்றார். அதிபருக்குக் கணக்கும் சரிவந்தது, இந்த முறை உண்மையாகவே.

6. அட்டவணை

மதிப்பீட்டு அறிக்கையை இணைத்து மாகாணத்துக்கு எழுதினேன். முரண்பாடு நீங்கிவிட்டது. மிச்சமிருந்தது அந்த அட்டவணை. நோய் தொடங்கிய திகதி என்ற இடத்தில் ‘நோய் இல்லை. நீர்ப்பை பிறப்புக்கு முன்னரே உண்டு’ என்று எழுதினேன். பூரணமாகக் குணமடைந்த திகதி என்ற இடத்தில் ‘ஏற்புடையதன்று’ என்று எழுதினேன். ரிஸ்வான் எட்டிப் பார்த்தார்.

“மிஸ், திகதி கேட்ட எடத்துல திகதி போடாட்டி திருப்பி அனுப்புவாங்க.”

“குணமான திகதின்னு ஒண்ணு போட்டா நோய் இருந்ததுன்னு ஆயிடும். அது பொய். அந்தப் பிள்ளை உண்மைய எழுதித்தான் இங்க வந்து நிக்குது. நாம பொய் எழுதி அத முடிக்கறதா?”

திருப்பி அனுப்பினார்கள். அதே பதிலை, அதே வார்த்தைகளில், மறுபடி அனுப்பினேன். இந்த முறை விதியையும் ஒரு வரி விடாமல் எழுதி, அடிக்கோடிட்டு அனுப்பினேன். நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு. தகுதிகாண் காலத்தின் கடைசி மாதம் தொடங்கியது. ஸ்டெல்லா தினமும் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பும் வைத்தார். வேலை போகக்கூடிய ஒருவர் ஏன் இப்படி மெனக்கெடுகிறார் என்று அதிபர் கேட்டதற்கு, “கடிதம் எனக்குத்தானே வந்திருக்கு, புள்ளைங்களுக்கு வரலயே” என்றாராம்.

இதற்கிடையில் என் ஓய்வு நாள் வந்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள், சுவர்க்கடிகாரம் ஒன்று தந்தார்கள். எல்லா பைல்களையும் ஒப்படைத்தேன். ஸ்டெல்லாவின் பைலை மட்டும் ரிஸ்வானின் கையில் கொடுத்து, அங்கேயே உட்கார வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை என் முன்னால் படிக்கச் சொன்னேன். படித்தார். முடித்துவிட்டு, “இது முழு நாவலா ஈக்குது மிஸ்” என்றார். அதன் பிறகு மாகாணத்துக்கு வாரம் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தவர் அவர்தான், யாரும் சொல்லாமலே.

இளைய உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஒரு காகிதம் எந்த வழியில் போகும் என்று உங்கள் கைக்குப் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை நம்புமுன் காகிதம் யாரைப்பற்றியது என்று பாருங்கள். படிவத்தில் உண்மை எழுதியவர் உங்கள் மேசைக்கு வந்தால், அவருக்காகக் கூடுதலாக ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். அப்படிப்பட்டவர்கள் அதிகம் பேர் வர மாட்டார்கள், உங்கள் நேரம் வீணாகாது.

ஓய்வுக்குப் பின் ஒரு காலை நேரம், வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லா அழைத்தார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

“மிஸ், மாகாணத்திலேருந்து லெட்டர் வந்திருக்கு. இன்னும் பிரிக்கல. நீங்க லைன்ல இருக்கும்போது பிரிக்கலாம்னு.”

“பிரிங்க.”

காகிதம் கிழியும் சத்தம். கீரைக்கட்டை ஓரமாக வைத்தேன்.

“என்ன எழுதியிருக்கு பிள்ளை?”

“ரெண்டே வரிதான் மிஸ். நியமனம் உறுதிப்படுத்தப்பட்டிருக்குன்னு இருக்கு. தலையப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல.” கடிதத்தைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. “அவ்வளவுதானா மிஸ்?”

“அவ்வளவுதான். வகுப்புக்குப் போங்க.”

போனார். பூரணமாகக் குணமடைந்த திகதி என்று எங்கள் அலுவலகத்துக்கு ஒன்று போடுவதானால், அது மே மாதம் இருபத்திரண்டாம் திகதி, வியாழக்கிழமை.